வெள்ளிக்கிழமை ஜடை

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடும். மஸ்கட்டில் வெள்ளிதான் விடுமுறை, ஆகவே அப்பா ஊழியம் செய்த தமிழ்ச் சபையும் வெள்ளியன்றுதான் கூடும். கூடுவது வேறெங்குமில்லை, எங்கள் வீட்டு ஹாலில். திண்டிவனத்துச் சொந்தக்காரப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், வெள்ளிக்கிழமையில் யாராவது சர்ச்சுக்குப் போவார்களா என்று சிரிப்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? சோபாவைப் பெட்ரூமுக்குள் தள்ளி, பாய் விரித்து, லேபர் கேம்ப்பிலிருந்து வருகிற அத்தனை பேருக்கும் ஆராதனை முடிந்ததும் அம்மா சோறு போடுவாள்.

அன்றைக்குக் காலையில் மட்டும் அந்த வீட்டில் நான் ஒருத்தி இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. அப்பா பிரசங்கம் சொல்லிப் பார்ப்பதற்காகப் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அம்மா அடுப்படியில் அண்டாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை சீப்பும் ரிப்பனுமாக நான் அழுதுகொண்டு நின்றபோது, வெங்காயம் உரித்துக் கொடுக்கச் சீக்கிரமே வந்திருந்த வளவனூர் மாமா கையைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"இங்க வா பாப்பா. நான் பின்னி உடறேன்."

மாமா என்றால் சொந்த மாமா இல்லை, சபைக்கு வருகிறவர். ஜெபத்துக்கு வருகிறாரா அம்மாவின் கறிக்குழம்புக்கு வருகிறாரா என்று கேட்டால், இரண்டுக்கும்தான் என்று அவரே சொல்லுவார். கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிற வேலை. அந்தக் கையால் பின்னிய முதல் ஜடை, முதல் பாட்டு முடிவதற்குள் அவிழ்ந்துவிட்டது. அடுத்த வாரம் இறுக்கிப் பின்னினார் பாருங்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போகப் போகக் கை படிந்தது. ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு பின்னி முடித்ததும், என் தோளைப் பிடித்துத் திருப்பி முகத்தைப் பார்ப்பார்.

"ஊருக்குப் போயி எம் பொண்ணுக்கு இப்பிடி பின்னி உட்டேன்னு வையி, அவ அசந்து பூடுவா."

அவர் விமானம் ஏறியபோது அந்தப் பெண் கைக்குழந்தை. கம்பெனி லீவைத் தள்ளித் தள்ளிப் போட்டதில் அவள் என் வயதுக்கு வளர்ந்துவிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் எங்கள் பால்கனியில் நின்று அவளோடு போனில் பேசுவார். அப்போது அவரிடமிருந்த போனில் குரல்தான் கேட்கும், முகம் தெரியாது. எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. வெள்ளிக்கிழமை மாமா என் மாமா, அவ்வளவுதான். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை விடிந்தால் என் பின்கழுத்து அந்தக் கையைத் தேடத்தான் செய்கிறது.

அந்த வருஷம் பள்ளி விடுமுறைக்கு நாங்கள் ஊருக்கு வந்தோம். வளைகுடாவிலிருந்து யார் வந்தாலும் பெட்டியில் பாதி அடுத்த வீட்டுச் சாமான்தான். மாமாவும் ஒரு பை கொடுத்தனுப்பியிருந்தார். பால் பவுடர், கோடாலித் தைலம், என் மேல் வைத்து அளவு பார்த்து வாங்கிய ரோஸ் கலர் கவுன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வந்து, அங்கே பஸ் மாறி வளவனூர் போனோம்.

மாமாவின் மனைவி, நான் அத்தை என்று கூப்பிட்டேன், எங்களை உட்கார வைத்துவிட்டு டீ போட உள்ளே போனார். கவுன் மாமாவின் பெண்ணுக்கு அப்படியே பொருந்தியது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"உங்கப்பாதான் எனக்கு வாரா வாரம் ஜடை பின்னி விடுவாரு" என்றேன்.

"எங்கப்பாவா?"

"ஆமா. ரிப்பனைப் பல்லுல கடிச்சிக்குவாரு. இழுத்துப் பின்னுவாரு, வலிக்கும்."

அவள் கனகாம்பரம் வைத்து ஒழுங்காகப் பின்னியிருந்த தன் ஜடையை அவிழ்த்தாள். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"எங்கப்பா மாதிரியே பின்னி உடு."

எனக்குப் பின்னத் தெரியாது. மாமாவின் கை எப்போதும் என் தலைக்குப் பின்னால்தான் இருந்தது, அது என்ன செய்தது என்று நான் பார்த்ததே இல்லை. முடியை மூன்றாகப் பிரித்துப் பார்த்தேன், நழுவி நழுவிப் போயிற்று. தெரியலையே என்றேன்.

"அப்ப இழு. வலிக்கிறாப்ல இழு."

இழுத்தேன். அவள் சத்தமே போடவில்லை. இன்னும் என்றாள்.

அத்தை டீயோடு வந்தார். "இன்னாடி இது, வந்தவங்க முன்னால தலைய விரிச்சிக்கினு? எழுந்து வா, நான் பின்னி உடறேன்."

அவள் தலையை ஆட்டினாள், நகரவில்லை. என்ன விஷயம் என்று அத்தை கேட்க, நான் முழுவதையும் உற்சாகமாகச் சொன்னேன். அத்தை டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போனவர், நாங்கள் கிளம்பும்வரை முகத்தைக் காட்டவே இல்லை.

திரும்பும் பஸ்ஸில், அந்தப் பெண் ஒரு மாதிரி, தன் முடியைப் பிடித்து இழுக்கச் சொல்கிறாள் என்று அம்மாவிடம் புகார் சொன்னேன். அம்மா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வாராவாரம் மணிக்கணக்கில் பேசுகிற அப்பா ஜன்னல் வழியே கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணுக்கு என்னைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, அதனால்தான் கடைசிவரை என் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்துக்கொண்டே நான் தூங்கிப்போனேன்.