தாள்ல இல்லாத வரி

பிரமிளாவுக்கு வாயே இல்லைன்னு நினைச்சவங்கள்ல முதல் ஆளு தயாளன். எங்க ஃபேக்டரியில டெஸ்ட் பிரிவு சூப்பர்வைசர். தயவு தாட்சண்யமே இல்லாதவனுக்கு அந்தப் பேரை வெச்சாங்க பாரு, அவங்களச் சொல்லணும்.

பிரமிளா ஜெலுத்தோங் ஃப்ளாட்டுக்காரி. பதினாறு வருஷமா பாயான் லெப்பாஸ்ல இருக்கிற ஃபேக்டரிக்கு என்கூடத்தான் ஃபேக்டரி பஸ்ல வர்றா. லைன்ல ஆப்பரேட்டர் வேலை. மைக்ராஸ்கோப்ல குனிஞ்சு சிப் பார்த்துப் பார்த்துக் கண்ணு கெட்டுப்போச்சு. வேற வேலை பாருன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அந்த நேரத்துல டெஸ்ட் பிரிவுல ஒரு டெக்னீஷியன் வேலை காலியாச்சு. லினக்ஸ் மெஷின்ல ஜாவா கிட்டை ஏத்தி, ஒரு புரோகிராமைக் கம்பைல் பண்ணி, அதாவது மெஷின் ஓட்டுற மாதிரி மாத்திக் காட்டணும், அதுதான் பரீட்சை. பழைய லேப்டாப்ல லினக்ஸ் போட்டு மூணு மாசம் அடுப்படியிலேயே பழகினா.

எங்க இடத்துல, சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட தாள்ல உள்ளபடிதான் கை அசையணும். ஒரு வரி மாத்தினா வார்னிங் லெட்டர்லா. பரீட்சையில அடிக்கவேண்டிய கட்டளைத் தாளையும் தயாளன்தான் எழுதினான். மூணு வாரம் முன்னாடியே அதைக் கையில குடுத்துட்டாங்க. பார்த்ததுமே பிரமிளா அவன்கிட்ட போய்ச் சொன்னா, இதுல ஜாவாவை ஓட்டுற பேக்கேஜ் மட்டும்தான் இருக்கு, கம்பைல் பண்ற கிட்டு இல்லைன்னு. அந்த மகராசன் சிரிச்சான். ஆப்பரேட்டர் ஆப்பரேட்டரா இருக்கணுமாம்.

பரீட்சை அன்னைக்கு மேனேஜர் ஸுல்கிஃப்லி பக்கத்துல நிக்கிறாரு. டீ பிரேக்குன்னு நாங்களும் எட்டிப் பார்க்கிறோம். பிரமிளா தாள்ல உள்ளதை வரி விடாம அடிச்சா. கடைசியில கம்பைல் கட்டளையை அடிச்சதும், அப்படி ஒரு கட்டளையே இல்லைன்னு திரையில வந்துச்சு. உடனே தயாளன், லைன் பொம்பளைங்களுக்கு இதெல்லாம் ஆகாதுன்னு மேனேஜர்கிட்ட மலாய்ல ஓதினான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. தெரிஞ்சதை அடிச்சுத் தொலையேன்டின்னு பல்லைக் கடிச்சேன்.

அவ அடிக்கல. தாளையும் பேனாவையும் அவன்கிட்ட நீட்டினா.

"அண்ணே, மூணு வாரத்துக்கு முன்னாடி நான் சொன்ன வரிய இதுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அப்புறம் அடிக்கிறேன்."

அதையே மேனேஜருக்கும் மலாய்ல நிறுத்தி நிதானமாச் சொன்னா. உண்மையான்னு அவரு தயாளனைக் கேட்டாரு. அவன் காது செவக்க எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவ அந்த ஒரு வரிய அடிச்சா, கிட்டு இறங்குச்சு, புரோகிராம் கம்பைல் ஆச்சு. வேலையும் அவளுக்கே கிடைச்சுது.

இப்ப தயாளன்தான் அவளுக்கு சூப்பர்வைசர். தினமும் அவன் மேசைக்கே போய் குட் மார்னிங் சொல்றா. அவன் தலையக் கவுத்துக்கிட்டு ஃபோனை நோண்டுவான். விட்டுத் தொலைடி, பாவம்னு ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"பதினாறு வருஷம் நான் குனிஞ்சே கிடந்தேன்க்கா," ன்னா. "அவன் கொஞ்ச நாள் குனியட்டும்."