சண்டைப்பொட்டல் பூங்கா

எங்கள் ஊருக்குக் கிழக்கே இருக்கும் சண்டைப்பொட்டலை யாரும் உழுததில்லை. வெள்ளைக்காரக் கும்பினிப் படையோடு சண்டை போட்டுச் செத்தவர்கள் அங்கேதான் கிடக்கிறார்கள் என்பது ஊர்ப் பேச்சு. ஆட்டுக் குளம்பு பட்டு எப்போதாவது ஓர் இரும்புப் பீரங்கிக் குண்டு தலைகாட்டும். பால் ஊற்றி அதே இடத்தில் மூடிவிடுவோம். ஒன்றே ஒன்று மட்டும் வேப்பமரத்தடியில் சாமியாக இருந்தது.

புறம்போக்கு நிலம் அது. ஒருநாள் ஆட்கள் வந்து கலர் கொடி கட்டிப் பிளாட் கல் ஊன்றினார்கள். எனக்கு வந்ததே கோபம்! இங்கே ஒரு வீடும் எழும்பக்கூடாது, பூங்காவாக்கி எல்லாருக்கும் விடவேண்டும் என்று சங்கரன்கோவிலுக்கும் தென்காசிக்கும் நாயாய் அலைந்தேன். கடைசியில் தொல்லியல் அதிகாரி ஒருவர் வர ஒப்புக்கொண்டார். சண்டை நடந்ததற்கு அடையாளம் வேண்டுமாம். குண்டு இருக்கிறதே என்றேன்.

அவர் வந்த அன்று பார்த்தால், வேப்பமரத்தடிக் குண்டு பளபளவென்று மின்னுகிறது. குத்துவிளக்குத் தேய்ப்பதுபோல் புளியும் சாம்பலும் போட்டு என் மதினி தேய்த்து வைத்திருந்தாள்.

"பெரிய ஆபீசர் வாராரு. அழுக்கா கெடந்தா நம்மளத்தான ஏசுவாவ?"

அதிகாரி உருட்டிப் பார்த்தார். "போன வாரம் பட்டறையில செஞ்சதுன்னு சொன்னா நான் என்ன பதில் சொல்றது?"

"கெடுத்துட்டியளே மதினி!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

இனி மண்ணுக்குள் இருப்பதைத்தான் எடுக்கவேண்டும். சமீபத்தில் ஒரு குண்டை மூடியிருந்த ஆட்டுக்கார அண்ணாச்சி குறுக்கே நின்றார்.

"செத்தவன் படுத்திருக்க இடம். தோண்டப்பிடாது."

"நாளைக்கு இங்கன கக்கூசுக்குக் குழி தோண்டுவான் அண்ணாச்சி. அது பரவால்லியா?"

அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு மண்வெட்டியை வாங்கினார். "திருப்பிக் கொண்டாந்து இதே குழியில வைக்கணும். நீதாம்லே பொறுப்பு."

சத்தியம் செய்தேன். துருவும் மண்ணுமாக வந்த குண்டை அதிகாரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அவர் அறிக்கை கொடுத்ததும் பிளாட் கல்லெல்லாம் போய்ப் பூங்கா வேலை தொடங்கியது. குண்டுதான் திரும்பவில்லை. நடைபாதைக்குக் கல் பதித்துக்கொண்டே வந்த மேஸ்திரி, குழியை மூடவேண்டும் என்றார். நான் குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"மூடணும்னா என்னையும் சேத்து மூடும்வே!"

அங்கிருந்தே அதிகாரிக்குப் போன் போட்டேன். மறுநாளும் போட்டேன். என் தொல்லை தாங்காமல் ஒருநாள் அவரே குண்டோடு வந்து இறங்கினார். மதினியை நான் அதன் பக்கத்திலேயே விடவில்லை. நடைபாதை இப்போது அந்த இடத்தைச் சுற்றி வளைந்து போகிறது.

அன்றைக்கு அண்ணாச்சிதான் பால் ஊற்றி மண்ணைத் தள்ளினார். உள்ளங்கையால் தட்டிக்கொடுத்தார்.

"படுங்கய்யா. இனி ஒரு பயலும் தோண்டமாட்டான்."