ஒரு கொய்யாப்பழமும் ஒரு பெட்டி ஸ்ட்ரிப்பும்

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை. ரெட்டியார்சத்திரம் பக்கம் எங்கள் வீடு. என் மகளுக்கு ஆறு வயது. நாலு வயதிலிருந்தே சர்க்கரை. தினம் நாலு ஊசி. விரலில் குத்தி, மெஷினில் ஸ்ட்ரிப்பைச் செருகிப் பார்த்து, நோட்டில் எழுதி, டாக்டர் தந்த அட்டவணைப்படி இன்சுலின் போடுவேன். ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

அன்று மத்தியானம் மெஷின் 318 காட்டியது. முந்தின நாள் ஆயக்குடியிலிருந்து என் நாத்தனார் கொண்டு வந்த கொய்யாப்பழப் பை அடுப்படியில் இருந்தது. தின்றாயா என்று கேட்டேன்.

"நான் திங்கலம்மா."

"மெஷின் பொய் சொல்லுமா?"

மூன்று தடவை இல்லை என்றாள். நான் விடவில்லை. கடைசியில் அழுதுகொண்டே, "ஒண்ணே ஒண்ணு தின்னேன்" என்றாள். உண்மையை வரவழைத்துவிட்டேன் என்று எனக்குத் திருப்தி. கூடுதலாக இன்சுலின் போட்டேன். சர்க்கரை இறங்கட்டும், அப்புறம் சோறு என்றேன்.

கொஞ்ச நேரத்தில், "பசிக்குதும்மா, கை நடுங்குது" என்று வந்தாள். மறுபடி பார்த்தேன். 286. சோற்றுக்காக நடிக்கிறாள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

சட்டை நனைய வியர்த்து அவள் சரிந்த பிறகுதான் ஆட்டோவில் திண்டுக்கல்லுக்கு ஓடினோம். அங்கே நர்ஸ் பார்த்தபோது 34. எழுபதுக்குக் கீழே போகக் கூடாது. "எங்க மெஷின்ல அதிகமாத்தானே சிஸ்டர் இருந்துச்சு" என்று அப்போதும் வாதாடினேன். அவர் குளுக்கோஸ் ஏற்றினார். அரை மணி கழித்துக் கண் திறந்தாள்.

நாலு நாள் கழித்து மெடிக்கல்காரர் என் ஸ்ட்ரிப் பெட்டியின் நம்பரைப் பார்த்துவிட்டு, அளவைக் கூட்டித் தப்பாகக் காட்டுவதால் இந்த நம்பர் பெட்டிகளைக் கம்பெனி திரும்பக் கேட்டிருக்கிறது என்றார். "கடைக் கண்ணாடியில ஒட்டியிருந்தேனேம்மா, பாக்கலையா?" பற்பசை விளம்பரத்துக்கு அடியில் ஒரு தாள். அதற்கு முந்தின வாரம் அதன் எதிரிலேயே நின்று ஊசி வாங்கியிருக்கிறேன். புதுப் பெட்டி கொடுத்தார். அதோடு முடிந்தது.

அந்தத் தாளைப் படித்திருந்தால் என்று எத்தனையோ தடவை நினைத்துவிட்டேன். ஆனால் அதைப் படிக்காவிட்டால்தான் என்ன? பிள்ளை வாய் திறந்து சொன்னாளே.

அன்று நீ கொய்யாப்பழம் தின்னவே இல்லையா என்று பிறகு கேட்டேன். பதில் சொல்வதற்கு முன் என் முகத்தைப் பார்த்தாள். "எது சொன்னா திட்ட மாட்டம்மா?"

இப்போது வீட்டில் இரண்டு மெஷின் வைத்திருக்கிறேன். இரண்டையும் நம்புவதில்லை. பசிக்கிறதா என்று கேட்டால் அவள் மெஷினை எடுத்து வந்து விரலை நீட்டுகிறாள். தப்பான ஸ்ட்ரிப்பை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். தன் பசியைத் தானே நம்பாத இந்தப் பிள்ளையை நான் எந்தக் கடையில் கொடுத்து மாற்றுவது என்று தெரியவில்லை.