இலை உதிர்க்காத ஓக் கன்று

ஓக் மரத்தின் காய் கிட்டத்தட்டப் பாக்கு அளவு இருக்கும், கொஞ்சம் நீளம். தலைப்பக்கம் ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் செருகியிருக்கும். நீளக் காம்பில் இரண்டு மூன்றாகத் தொங்கும். என் மகள் அப்படி ஒரு காயை ஆஸ்பத்திரி வாசலில் பொறுக்கிக்கொண்டு வந்தாள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிவிட்டு வந்த நாள் அது. வாந்தி வரும் என்று காருக்குள் ஒரு கையில் பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மற்றக் கையில் அந்தக் காய்.

பால் பெட்டி ஒன்றின் தலையை வெட்டி, மண் போட்டு, காயைப் படுக்கப் போட்டு யன்னலில் வைத்தாள். கிழமைக்கணக்காக ஒன்றும் வரவில்லை.

"ஏன் பிள்ளை, அழுகிப்போச்சோ?" என்று கேட்டேன்.

"இல்லையம்மா. இது முதல்ல வேரைத்தான் விடும். கீழ வேலை நடக்குது. நீங்க சும்மா கிண்டிப் பாக்காதேங்கோ."

குளிர் முடிகிற நேரம் சிவப்பாக ஒரு தண்டு வந்தது. பிறகு இலை. ஓரம் அலை அலையாக இருந்தது. இலைக்குக் காம்பு இல்லை என்றே சொல்லலாம். அடியில் இரண்டு பக்கமும் குட்டிக் காது மாதிரி மடிந்திருக்கும். அந்தக் காதை நகத்தால் தடவிக் காட்டி மகள் சிரித்தாள். மே மாதத் தொடக்கத்தில் அவள் போய்விட்டாள். நாற்பத்தொரு வயது.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ரண்டர்ஸ் என்கிற இந்தக் குளிர்நாட்டு ஊரில், அந்த வீட்டில் மிஞ்சியது மருமகனும் நானும். மாமி மருமகனுக்கு முன்னால் நின்று கதைப்பது நான் வளர்ந்த இடத்தில் வழக்கமில்லை. மகள் இருந்தபோது எல்லாம் அவள் ஊடாகத்தான். "அம்மா கேக்கிறா, சோறு போடட்டாமோ?" என்பாள். அவர் "ஓம்" என்பார். அவள் இல்லாமல் போனபின் நான் சோற்றைக் கோப்பையில் போட்டு மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவேன். அவர் சாப்பிட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பார். மகள் இல்லாத வீட்டில் மாமியை எத்தனை நாளைக்கு வைத்திருப்பார் என்று சனம் கதைத்தது. எனக்கும் அதே பயந்தான். எனக்குப் போக வேறு இடமில்லை.

எங்களுக்குள் கதை வந்தது அந்தக் கன்றால்தான். ஜூன் மாதம் அவர் அதை எடுத்து வாசல் ஓரம் நட்டார். தொழிற்சாலையால் வந்ததும் வேலைச் சட்டையோடேயே தண்ணீர் ஊற்றுவார். பிறகு நான் சமைக்கிற குசினி வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல் சொல்லுவார்.

"மாமி, புதுசாத் தளிர் விட்டிருக்கு. ஒரு வருசத்துக்குள்ள ரெண்டாந்தரமும் தளிர்க்குமாம் இது."

"ஓம் தம்பி."

இன்னொரு நாள், "மாமி, ஓக்கில ரெண்டு சாதி இஞ்ச இருக்காம். ஒண்டுக்கு இலையில காம்பு, காயில காம்பில்லை. மற்றதுக்குக் காயில காம்பு, இலையில இல்லை. எங்கட இது ரெண்டாவது" என்றார்.

எங்கட என்று சொன்னார். நான் அன்று முழுவதும் அந்தச் சொல்லை நினைத்துக்கொண்டிருந்தேன்.

குளிர் வந்தது. தெருவில் எல்லா மரமும் மொட்டை. எங்கள் கன்று மட்டும் இலையைக் கொட்டவில்லை. இலைகள் செத்து, மண்ணிறமாகி, சுருண்டு, காம்பில்லாத அந்த அடியோடு தண்டில் ஒட்டிக்கொண்டு நின்றன. காற்றடிக்கும்போது சருகுச் சத்தம். கதவைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் அது கேட்கும். பங்குனி போனது, சித்திரை வந்தது. அயலில் பேர்ச் மரங்கள் பச்சை, பீச் மரங்கள் பச்சை. இது அப்படியே நின்றது. பட்டுவிட்டது என்றே நினைத்தேன். மருமகனிடம் கேட்க வாய் வரவில்லை. அவரும் அதைப் பற்றிக் கதைப்பதை நிறுத்தியிருந்தார். தெரிந்துதான் பேசாமல் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மகள் போய் ஒரு வருசம் முடிகிற ஆட்டைத் திவசம் வந்தது. முதல் நாள் சமையலுக்கு உதவ அயலில் உள்ள ஒருத்தி வந்தாள். எங்கள் ஆள்தான். நல்லவள், ஆனால் வாய் பெரிது. படியில் ஏறும்போதே தொடங்கிவிட்டாள்.

"என்னக்கா, வாசல்ல விளக்குமாத்தை நட்டு வைச்சிருக்கிறியள்?"

"அது மகள் வைச்ச கண்டு."

"ஐயோ, எனக்குத் தெரியாதக்கா." இரண்டு வெங்காயம் உரித்தாள். மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பவும் தொடங்கினாள். "எண்டாலும் சொல்லுறன், கோவியாதேங்கோ. பட்ட மரம் வாசல்ல நிக்கக் கூடாது. நாளைக்கு ஐயர் அதைத் தாண்டித்தான் வரப்போறார். போன பிள்ளைக்குச் செய்யிற காரியம். செத்ததை வாசல்ல வைச்சுக்கொண்டு செய்யலாமே? நானெண்டால் ஒரே இழுவையில பிடுங்கிப் போடுவன்."

"மருமகனைக் கேக்கோணும்."

"கேளுங்கோவன். ஒரு வீட்டில இருந்துகொண்டு கேக்கவும் பயமோ? அவர் என்ன புலியே?"

நான் கேட்கவில்லை. அவள் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது. பட்ட மரத்தை வாசலில் வைத்திருக்கிற வீட்டை நானும் கண்டதில்லை. மகளுக்குச் செய்கிற காரியத்தில் ஒரு குறையும் வரக்கூடாது என்பதுதான் என் யோசனை முழுவதும்.

மறுநாள் காலை மருமகன் ஐயரைக் கூட்டிவர ஸ்டேசனுக்குப் போனார். நான் முழுகிவிட்டு ஈரத்தலையோடு வெளியே போனேன். கன்று என் முழங்காலுக்கும் எட்டாது. அடியில் பிடித்து இழுத்தேன். வரவில்லை. செத்தது இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்குமா என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். முருங்கைக்காய் முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கையோடு வந்தது சாண் அளவு வேர். மற்றது கீழே நின்றுவிட்டது.

முறிந்த இடம் வெள்ளையாக, ஈரமாக இருந்தது. தண்டை நகத்தால் சுரண்டினேன். உள்ளே பச்சை. நுனியில் நாலைந்து மொட்டு ஒன்றாகச் சேர்ந்து பருத்து நின்றது. நான் தோட்டம் செய்த வீட்டில் பிறந்தவள். உயிருள்ள மொட்டு எனக்குத் தெரியும். அந்தச் சருகுகளுக்குள் அதைக் குனிந்து பார்க்காமல் விட்டவளும் நான்தான்.

கார் வருகிற சத்தம் கேட்டது. கன்றைக் குழிக்குள் திரும்பச் செருகி, குதிக்காலால் மண்ணை மிதித்தேன். நேராக நின்றது. ஐயர் அதைத் தாண்டி வந்தார். மருமகன் எள்ளும் தண்ணீரும் இறைத்தார். நான் என் கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டேன், நகத்துக்குள் மண் இருந்தது.

போகும்போது அயல்காரி என் காதுக்குள், "இன்னும் நிக்குது. அக்காவுக்குத் துணிவில்லை" என்றாள்.

அன்று பின்னேரமே மருமகன் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிவிட்டு வந்து, கனகாலத்துக்குப் பிறகு குசினி வாசலில் நின்றார்.

"மாமி, எல்லாரும் பட்டுப்போச்சு எண்டு சொல்லுகினம். பட்டதில்லை. சின்ன ஓக் காஞ்ச இலையைக் குளிர் முழுக்கப் பிடிச்சுக்கொண்டு நிக்குமாம். புது இலை வரேக்கதான் தள்ளிவிடுமாம். மற்ற மரத்துக்கெல்லாம் பிந்தித்தான் துளிர்க்கும். இன்னும் ரெண்டு கிழமை பாருங்கோ."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஓம் தம்பி" என்றேன்.

இரண்டு கிழமை போனது. பஸ் தரிப்பிடத்துப் பெரிய ஓக் மரம் துளிர்த்தது. முதலில் செம்மஞ்சளாக, பிறகு பச்சையாக. அதைப் பார்க்காமல் இருக்க மற்றப் பக்கம் திரும்பி நிற்பேன். மருமகன் தினமும் தண்ணீர் ஊற்றினார். குந்தியிருந்து மொட்டைப் பார்ப்பார், தொடமாட்டார். மூன்றாம் கிழமை பசளை வாங்கி வந்து வேரடியில் உரமாகப் போட்டார். நான்காம் கிழமை மொட்டுகள் சுருங்கின. நான் யன்னல் திரைச்சேலைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

ஆறாம் கிழமை அவர் குசினிக்குள் வந்து, வழக்கம் போல வாசலில் நிற்காமல், கதிரையில் இருந்தார்.

"நான்தான் மாமி. தண்ணியைக் கூட விட்டுட்டன் போல. இல்லாட்டிப் பசளை சுட்டிருக்கும்." மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவளையும் நான் பிந்தித்தானே டாக்குத்தரிட்டக் கூட்டிக்கொண்டு போனனான். என்ர கையில ஒண்டும் நிக்காது."

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"நீங்களில்லைத் தம்பி. நான்தான் பிடுங்கினனான். பட்டது எண்டு நினைச்சு. வேர் முறிஞ்சுபோச்சு. பிறகு திருப்பிச் செருகினனான்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் நேருக்கு நேர் பார்த்தது அன்றுதான்.

"எண்டைக்கு?"

"திவசத்தண்டு காலமை."

"ஆறு கிழமை." கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். "அண்டைக்கே சொல்லியிருந்தால் ஈரத்துணியில சுத்திக்கொண்டு கண்டு விக்கிற நேசரிக்கு ஓடியிருப்பன். ஒருவேளை காப்பாத்தியிருப்பினம். ஆறு கிழமையா நான் தண்ணி ஊத்திறதைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள், என்ன?"

பிடுங்கியது தெரியாமல் செய்தது. மற்ற ஆறு கிழமையும் தெரிந்து செய்தது.

அவர் வெளியே போனார். கன்றை இரண்டு விரலால் தூக்கினார், வந்தது. சருகுகள் அப்போதும் அதில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன.

என்னைப் போகச் சொல்லவில்லை. ஏசவில்லை. மறுநாள் காலை மேசையில் தேத்தண்ணி வைத்தேன். அவர், "நன்றி மாமி" என்றார்.

எங்கள் வீடுகளில் சோறு போட்டவளுக்கும் தேத்தண்ணி வைத்தவளுக்கும் யாரும் நன்றி சொல்வதில்லை. அது வெளியாட்களுக்குச் சொல்லுகிற சொல். மகள் இருந்த காலத்திலும் சரி, போன பிறகும் சரி, அவர் ஒருநாளும் எனக்கு அதைச் சொன்னதில்லை. இப்போது ஒவ்வொரு நாளும் சொல்லுகிறார். மரியாதையாக, பிழையில்லாமல் சொல்லுகிறார். இன்று காலையும் சொன்னார்.