டைப்பிங் படித்த நேர்ஸ்

நேர்ஸ் வேலை புனிதமான தொழில் என்று மேடையில் சொல்லுகிறவர்களில் ஒருவராவது பெட்பான் கழுவிப் பார்த்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

கழுவியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டு வாசிப்பீர்கள் என்று தெரியும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசிக்கலாம். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் நேர்ஸ் வேலை பழகினேன். வந்த கையோடு யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டிவிட்டார்கள், திரும்பிப் போக வழியில்லை. கடைசிச் சோதினை பாஸ் பண்ணி சேர்டிபிக்கேட் கைக்கு வந்தால் நானும் ஒரு ஆள். வராவிட்டால் கொழும்பில் காரணமில்லாமல் நிற்கிற ஒரு தமிழ்ப் பெட்டை. காரணமில்லாமல் நிற்கிறவர்களைப் பொலிஸ் எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்த காலம் அது.

பெட்ஷீற் மூலை

முதல் ஆறு மாசம் நான் படித்தது உடற்கூறு அல்ல, பெட்ஷீற் மூலையை மடிக்கிறதுதான். எங்கள் தலைமை நேர்ஸ் மேட்ரனுக்கு மூலை மடிப்பு கோணக்கூடாது. கோணினால் முழுவதையும் உருவிப் போட்டுவிட்டு, "திரும்ப விரியும்" என்பார்.

வயிற்றில் ஒப்பரேஷன் செய்த ஒரு அம்மா மூன்று நாள் நோவில் துடித்துவிட்டு, நாலாம் நாள் காலை எட்டு மணிக்குத்தான் கண்ணை மூடினார். அப்பாடா என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்குப் பெரிய டொக்டர் வருகிற நேரம். மேட்ரன் வந்து கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அந்த மனுசி புரண்டு படுத்ததில் விரிப்பு கொஞ்சம் சுருங்கியிருந்தது. "எழுப்பும்" என்றார். "மேட்ரன், மூண்டு நாளைக்குப் பிறகு இப்பத்தான் நித்திரை கொண்டவ" என்றேன். என்னை ஏதோ கிருமியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"டொக்டர் என்ன, நித்திரையைப் பாக்கவே வாறார்? பெட்ஷீற்றைத்தான் பாப்பார், எழுப்பும்!"

ஆறாவது வீடு

வெள்ளவத்தையில் அறை தேடி ஐந்து வீட்டுப் படி ஏறி இறங்கினேன். "என்ன செய்யிறீர், பிள்ளை?" என்று வாய் நிறையச் சிரித்துக்கொண்டு கேட்பார்கள். நேர்ஸ் என்றதும் சிரிப்பு நின்றுவிடும், அறையும் அந்த நிமிஷத்திலேயே வேறு யாருக்கோ கொடுபட்டிருக்கும். ஆறாவது வீடு பாக்கியம் அன்ரியின் வீடு. அவரும் யாழ்ப்பாணம்தான், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் இருபது வருஷமாக இருக்கிறார். மகளுக்குச் சம்பந்தம் பார்த்துக்கொண்டிருந்தார். பின் அறையைத் தந்தார், இரண்டு நிபந்தனை போட்டார். நேர்ஸ் உடுப்போடு வாசல் தாண்டக்கூடாது, பையில் கொண்டுபோய் அங்கே மாற்ற வேண்டும். வேலை முடிந்து வந்ததும் பின்பக்கக் குழாயில் தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். என்ன செய்கிறது? தலையை ஆட்டினேன்.

அப்போதெல்லாம் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று வீட்டுக்காரர் படிவம் நிரப்பிப் பொலிசில் பதிய வேண்டும். சீல் குத்திய அந்தப் படிவத்தின் கொப்பி இல்லாமல் தெருவில் இறங்க முடியாது. அன்ரி என் பேருக்கு நேரே, தொழில் என்ற இடத்தில் "டைப்பிங் மாணவி" என்று முத்து முத்தாக எழுதியிருந்தார். "அன்ரி, நான் டைப்ரைட்டரைத் தொட்டுக்கூடப் பாத்ததில்லை" என்றேன், அறை போய்விடுமோ என்ற பயத்தில் மெல்லமாகத்தான்.

"பொலிஸ்காரன் என்ன, உம்மை டைப் அடிச்சுக் காட்டச் சொல்லப்போறானே? நாலு பேர் பாக்கிற பேப்பரில நேர்ஸ் எண்டு எழுதி, என்ர பிள்ளையின்ர வாழ்க்கையில மண் போடச் சொல்லுறீரே?"

கனடாக்காரனின் அம்மா

இரண்டாம் வருஷம் பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு அம்மா வந்தார். சீனி வருத்தம், காலில் ஆறாத புண். மணத்தால் மற்ற நேர்ஸ்மார் அந்தக் கட்டிலைச் சுற்றிப் போவார்கள். மூன்று கிழமை நாள் தவறாமல் நான்தான் கழுவிக் கட்டினேன். "பிள்ளை, உம்மட கை பட்டா நோவே தெரியேல்ல" என்பார். பிறகு ஊர் கேட்டார், அப்பாவின் வேலை கேட்டார், நட்சத்திரமும் கேட்டார். மகன் கனடாவில் எஞ்சினியர் என்று படம் காட்டினார். எங்கள் அட்டெண்டன் மாரியக்கா கிராண்ட்பாஸ்காரி, மலையகத்து வாய். "என்னா மிஸ்ஸி, கனடாவுக்குப் பொட்டி கட்டியாச்சா?" என்று வார்ட் முழுக்கக் கேட்கக் கத்துவார். பொய் சொல்லுவானேன், அந்தக் கிழமை நான் கண்ணாடியைக் கொஞ்சம் கூடத்தான் பார்த்தேன்.

வீட்டுக்குப் போகிற அன்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். காரியம் ஆகும்வரை காலைப் பிடி என்பார்களே, இவர் காரியம் ஆகிக்கொண்டிருக்கும்போதே கழுத்தைப் பிடித்தார்.

"மகனுக்கு ஒரு டீச்சர் பிள்ளை சரிவந்திட்டுது, நேர்ஸ்மார் குடும்பத்துக்குச் சரிவராது எண்டு இவரும் சொல்லுறார். குறை நினையாதேயும் பிள்ளை, செவ்வாயும் வெள்ளியும் வீட்டை வந்து புண்ணை மட்டும் கட்டிவிட்டிட்டுப் போம்."

பின்பக்கக் குழாய்

ஒரு நாள் நகரத்துக்குள் குண்டு வெடித்தது. பெரியாஸ்பத்திரியில் இடமில்லாமல் எங்களிடமும் கொண்டுவந்தார்கள். இரண்டு நாள் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையில் நின்றேன். கண்ணாடித் துண்டு எடுத்தேன், கை பிடித்தேன், மூன்று பேரின் கண்ணை மூடிவிட்டேன். சிங்களம், தமிழ், முஸ்லிம் எல்லாரும் ஒரே மாதிரித்தான் தண்ணீர் கேட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கியபோது கால் என்னுடைய காலாகவே இல்லை. யாராவது "சாப்பிட்டீரோ?" என்று கேட்டால் போதும் என்றிருந்தது. ஒரு சொல்லுக்காக அப்படி ஏங்கியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அன்ரி ஜன்னலில் நின்றார். றேடியோவில் செய்தி கேட்டிருக்கிறார், நான் எங்கிருந்து வருகிறேன் என்று நன்றாகத் தெரியும். வாசல் கதவில் கை வைத்தேன். உள்ளே பூட்டியிருந்தது.

"பின்னால சுத்தி வாரும் பிள்ளை. இண்டைக்கு வெள்ளிக்கிழமை, ரெண்டு வாளி கூட ஊத்தும்."

இரண்டில் எது பொய்?

கடைசியில் அந்த நாளும் வந்தது. செய்முறைச் சோதினை, காலை ஒன்பது மணிக்கு. வெளியிலிருந்து சோதனையாளர் வருவார், பதினொரு மணிக்குப் போய்விடுவார். தவறவிட்டால் இன்னும் ஆறு மாசம். நான் ஆறரைக்கே பஸ் ஏறிவிட்டேன். கொள்ளுப்பிட்டியில் சென்றி, பொலிஸ் சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கினார்கள். பெண் பொலிஸ் என் பையைத் திறந்தாள். கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு, தொப்பி, கத்தரிக்கோல், தெர்மோமீற்றர். ஆஸ்பத்திரி அட்டையில் நேர்ஸ் மாணவி என்று இருந்தது. பொலிஸ் பதிவில் டைப்பிங் மாணவி. இரண்டையும் கொண்டுபோய் சார்ஜன்டிடம் கொடுத்தாள்.

சார்ஜன்ட் வயதான மனுசன். "நங்கி, இரண்டில் எது பொய்?" என்று தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரிச் சிங்களத்தில் கேட்டார், மரியாதையாகத்தான். நானும் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் உள்ளதைச் சொன்னேன். வீட்டுக்கார அன்ரிக்கு நேர்ஸ் என்று எழுத வெட்கம், அதனால் மாற்றி எழுதினார் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கள் வீட்டில் ஒரு நேர்ஸ் இருந்தால் ஊருக்கெல்லாம் சொல்லித் திரிவோம், நங்கி. நம்புகிற மாதிரி வேறு பொய் சொல்லு" என்றார். அந்த மனுசனில் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் என்ன பிழை?

ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் பகுதிப் பொலிஸ் ஸ்டேஷனில் மர வாங்கில் இருத்தினார்கள். அன்ரிக்கு ஆள் அனுப்பினார்கள். எட்டு மணியாயிற்று, ஒன்பதாயிற்று. அங்கே ஆஸ்பத்திரியில் மாரியக்கா எனக்காகத் தட்டுகளை அடுக்கி வைத்திருப்பார், என் இலக்கத்தைக் கூப்பிட்டிருப்பார்கள். பத்து மணிக்கு அன்ரி வந்தார், பட்டுக்கரைச் சேலை, குடை, நெற்றியில் திருநீறு. பதிவுக்காக வெள்ளவத்தைச் சனம் வரிசையில் நின்றது. அதில் அன்ரியின் பக்கத்து வீட்டு மிஸிஸும் நின்றார். அன்ரி அவரைக் கண்டார். என்னையும் கண்டார்.

"இந்தப் பெண் யார்? டைப்பிங்கா, நேர்ஸா?" என்று கேட்டார் பொறுப்பதிகாரி.

"டைப்பிங்" என்றார் அன்ரி.

"அப்படியென்றால் நேர்ஸ் உடுப்பு எதற்கு? உள்ளே போடு" என்றார் பொறுப்பதிகாரி. கொன்ஸ்டபிள் என் தோளைப் பிடித்தான். மூன்று வருஷம் அடக்கி வைத்த வாய் அப்போதுதான் திறந்தது. "அன்ரி! எனக்கு இண்டைக்குச் சோதினை! என்னைப் பிடிச்சு உள்ளுக்குப் போடப்போறாங்கள்! உங்கட மகளின்ர சம்பந்தமும் நீங்களும்! வாயைத் திறந்து உண்மையைச் சொல்லுங்கோ!" என்று கத்தினேன். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அன்ரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். பொறுப்பதிகாரி காதில் கை வைத்தார். "பலமாகச் சொல்லுங்கள், நோனா."

"நேர்ஸ்!" என்று கத்தினார் அன்ரி. ஏதோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி அவருக்கு முகமெல்லாம் சிவந்தது.

படிவத்தில் வெட்டித் திருத்தி, பொய் எழுதியதற்கு அன்ரிக்கு நாலு ஏச்சுக் கொடுத்து எங்களை விட்டபோது பதினொன்றே கால். இனிப் போய் என்ன செய்கிறது? பக்கத்து வீட்டு மிஸிஸ் வரிசையை விட்டு ஓடிவந்து, "நேர்ஸே? அட, இவ்வளவு நாளும் தெரியாமப் போச்சே! பின்னேரம் வந்து எனக்கு ஒருக்காப் பிரஷர் பாரும், பிள்ளை" என்றார். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அதை அவர் மகிழ்ச்சி என்று நினைத்திருப்பார்.

காலி வீதி நெடுக அன்ரி குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார், நான் உடுக்காத வெள்ளை உடுப்புப் பையோடு பின்னால். ஒரு மன்னிப்பு வரும் என்று, வெட்கம் கெட்டவள், அப்போதும் எதிர்பார்த்தேன். ஒழுங்கை முகப்பில் நின்று திரும்பினார்.

"உமக்கும் விசர், எனக்கும் விசர். டொக்டருக்குப் படிக்கிறா எண்டு எழுதியிருந்தா அவன் எழும்பி நிண்டு விட்டிருப்பான். சரி சரி, பொலிஸுக்குப் போட்டு வாறீர், பின்னால போய்க் குளிச்சிட்டு வாரும்."

ஆறு மாசம் கழித்துத்தான் நான் சோதினை பாஸ் பண்ணினேன், அதுவரை கழுவிய ஒவ்வொரு பெட்பானும் வெள்ளவத்தைக் கௌரவத்தைவிடச் சுத்தமாகத்தான் இருந்தது.