சின்னச் சட்டிக் கஞ்சி

தண்டையார்பேட்டையில் அத்தாவுல்லாவின் பிரியாணியைச் சாப்பிடாத வீடுகள் குறைவு. முப்பத்து நான்கு வருடமாகக் கல்யாண வீடுகளில் அவர்தான் மாஸ்டர். ஆயிரம் பேருக்குச் சமைப்பார். இரண்டு பேருக்குச் சமைக்கத் தெரியாது. வீட்டு அடுப்பு மனைவி ஹஃப்சாவுடையது. அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்து, ஊசி மருந்து ஏற்ற ஆரம்பித்த பிறகுதான் அவர் அந்த அடுப்பின் பக்கம் வந்தார்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஹஃப்சாவுக்கு எல்லாம் நாறியது. முதலில் கறி. பிறகு மீன், முட்டை. கடைசியில் பால், தயிர், நெய்யும் போயிற்று. எம்.கே.பி. நகரிலிருந்து மகள் ரூபினா கொண்டுவந்த ஆட்டுக்கால் சூப்பின் மூடியைத் திறப்பதற்குள் வாந்தி எடுத்தாள். மருத்துவர், எடை முப்பத்தெட்டுக்கு வந்தால்தான் அடுத்த ஊசி என்றார். அன்று அவள் முப்பத்தாறு கிலோ இருந்தாள்.

வீட்டுப் பாத்திரங்களை எப்படித் தேய்த்தாலும் கொழுப்பு வாடை முழுக்கப் போகாது. அது அத்தாவுல்லாவுக்குத் தொழிலில் தெரிந்த விஷயம். புதிதாக ஒரு சின்ன மண்சட்டியும் ஒரு கரண்டியும் வாங்கிவந்தார். வேறு எதற்கும் அவற்றைத் தொடக் கூடாது என்று ரூபினாவிடம் சொன்னார்.

தெருமுனையில் காய்கறியும் மளிகையும் விற்கும் தங்கப்பாண்டிக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"என்ன பாய், கத்திரிக்காயை அமுக்கி அமுக்கிப் பாக்கீரு? அது என்ன ஆட்டுத் தொடையா?"

"அண்ணாச்சி, பிஞ்சா குடு. கலாய்க்காத."

"கல்யாணத்துக்கா?"

"வூட்டுக்கு. அவளுக்கு."

தங்கப்பாண்டி தராசில் இருந்ததைக் கொட்டிவிட்டு, உள்ளே போய் வேறு காய் எடுத்துவந்தார்.

முதல் வாரம் சமைத்தது எதுவும் வாயில் வைக்க முடியவில்லை. கறிக்குப் போடும் அளவு பட்டையும் கிராம்பும் போட்டார். வாழைக்காய் மருந்துபோல் கசந்தது. இறைச்சி சமைப்பவனின் தவறுகளைக் கொழுப்பு மறைத்துவிடும். இவ்வளவு காலம் தன்னைக் கைதேர்ந்தவன் என்று நினைத்ததில் கொழுப்பின் பங்கு எவ்வளவு என்ற சந்தேகம் அவருக்கு வந்தது. வாழைக்காய் எதையும் மறைக்கவில்லை. மசாலாவைக் குறைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் மிளகு, உப்பு, நல்லெண்ணெய் மட்டும் மிஞ்சின. அன்று ஹஃப்சா தட்டைக் காலி செய்தாள்.

பிறகு முருங்கைக்கீரையும் பாசிப்பருப்பும். புளியில் வெந்த கத்திரிக்காய். தேங்காய்ப்பாலில் அவரைக்காய். வேர்க்கடலையை ஊறவைத்து அரைத்து, வெல்லம் போட்டு ஒரு டம்ளர். மணலி ஆலைப் பக்கத்துக் காற்று நாற்றத்தோடு வீசும் சாயங்காலங்களில் சன்னலைச் சாத்திக்கொண்டு, சட்டியின் மேல் குனிந்து ஆசையாக முகர்வாள்.

"இத்துல யாரு ரத்தமும் இல்லைங்க. வாய் சுத்தமா கீது," என்றாள் ஒருநாள். உடம்பு மறுத்ததை மனம் பிறகு ஒரு கொள்கையாக்கிக்கொண்டதா, மனம் எப்போதோ மறுத்ததை உடம்பு இப்போதுதான் சொன்னதா என்று அவருக்குத் தெரியவில்லை. அவளிடம் கேட்கவுமில்லை. யார் வீட்டுச் சாப்பாட்டையும் அவள் தொடவில்லை; இவர் கையால் சமைத்ததை மட்டும் முகர்ந்து சோதிக்காமலே வாயில் வைத்தாள். இரண்டு மாதத்தில் முப்பத்தேழு கிலோ அறுநூறு கிராம் ஆனாள். இன்னும் நானூறு கிராம்தான்.

அதற்குள் ரமலான் வந்துவிட்டது. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவது வருடா வருடம் அத்தாவுல்லாவின் வேலை. அரிசி, பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால், அதோடு கொத்துக்கறி. கறி கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை வேகவேண்டும். வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்து, ஹஃப்சாவுக்குக் கறி இல்லாமல் சின்னச் சட்டியில் தனியாகக் காய்ச்சுவார். அவளுக்கு நோன்பு கிடையாது. ஆனாலும் பாங்கு சொல்லும்வரை காத்திருந்து அவரோடுதான் குடிப்பாள்.

எடை பார்க்க நான்கு நாள் இருந்தது. இருபது வருடமாகக் கூட வேலை செய்யும் பிலால், தூக்குவாளியோடு வந்தான்.

"மாமு, மாமிக்கு இத்துல ஒரு கரண்டி எடுத்துகினு போ. ஊரே துஆ கேக்குற கஞ்சி."

"அவளுக்கு ஆவாதுடா."

"கறி எங்க மாமு கீது இத்துல? எல்லாம் கரைஞ்சி பூடுச்சி. பரக்கத்துக்கு ஒரு கரண்டி ஊத்து, நானூறு கிராம் இன்னா, நாலு கிலோ ஏறும்."

அந்தத் தெருக்களில் அது எல்லோரும் செய்வதுதான். இறைவனின் அருள் சேரும் என்று பள்ளிவாசல் கஞ்சியில் கொஞ்சத்தை வீட்டுக் கஞ்சியில் கலந்துகொள்வார்கள். கரைந்த கறி எங்கே போகிறது என்று அத்தாவுல்லாவைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. இருந்தும் அந்த நானூறு கிராமை நினைத்துத் தூக்குவாளியை வாங்கிக்கொண்டார். வீட்டில் சின்னச் சட்டி கொதித்து அடங்கியதும் பிஸ்மில்லா சொல்லி ஒரே ஒரு கரண்டி ஊற்றிக் கலக்கினார். நோன்பு வைத்திருந்ததால் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. முகர்ந்து பார்த்தார். மதியத்திலிருந்து அண்டாவின் ஆவியில் நின்ற மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை.

பாங்கு சொன்னது. ஹஃப்சா ஒரு மிடறு குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னாங்க ஊத்துனீங்க இத்துல?"

"ஒண்ணும் இல்லையே. எப்பவும் போலதான்."

"நோன்பு தொறந்த வாய்ங்க. பொய் சொல்லாதீங்க."

அவர் சொன்னார். பள்ளிவாசல் கஞ்சி, ஒரு கரண்டி, பரக்கத்துக்கு. அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"உங்க கைன்னுதான் கண்ண மூடிகினு துன்னேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். கொல்லைப்பக்கம் அவள் வாந்தி எடுக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

மறுநாள் புதுச் சட்டி வாங்கினார். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கண்ணெதிரிலேயே கீரையை ஆய்ந்து, பருப்பைக் கழுவி, சமைத்தார். அவள் சாப்பிட முயன்றாள். அவருக்காகவே முயன்றாள் என்பது தெரிந்தது. ஒவ்வொரு கவளத்தையும் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்பாள். மூன்றாவதோடு தட்டைத் தள்ளிவைப்பாள். எப்படிச் சமைத்தாலும் அதற்கு மேல் உள்ளே இறங்கவில்லை.

எடை பார்த்த அன்று முப்பத்தாறே கால். அடுத்த முறை முப்பத்து நாலு. மருத்துவர் ஃபைலை மூடி, ஊசி வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ரூபினாவிடம் சொன்னார். அத்தாவுல்லாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

பெருநாள் கழிந்த வாரம் தங்கப்பாண்டி பிஞ்சு வாழைக்காய் கொடுத்தனுப்பினார். காசு வாங்கவில்லை. அத்தாவுல்லா அதை மெல்லியதாக நறுக்கி, மிளகும் உப்பும் சேர்த்து, நல்லெண்ணெயில் பொறுமையாகப் புரட்டினார். ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தார். தன் சமையலைத் தானே மெச்சும் பழக்கம் அவருக்கு இல்லை.

"ஹஃப்சா, இன்னிக்கு நல்லா வந்துகீது."

"தெரியுதுங்க. வாசன வருது," என்றாள் அவள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடி. "நீங்க துன்னுங்க."

அவர் கட்டிலின் ஓரத்தில் தட்டோடு உட்கார்ந்தார். பிறகு, அவள் சொன்னாளே என்று, ஒவ்வொரு துண்டாக எல்லாவற்றையும் தின்று முடித்தார்.