விலைப்பலகையின் முதல் வரி

சென்ற ஆடிக் காற்றில், எங்கள் தோட்டத்து மோட்டார் பெட்டிக்குக் கூரையாகப் போட்டிருந்த தகரப் பலகை பிய்த்துக்கொண்டு போய் வாய்க்கால் ஓரம் விழுந்தது. எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி பல வருடங்களுக்கு முன் நானே கவிழ்த்து வைத்த பலகை அது. விழுந்த வேகத்தில் மல்லாந்துவிட்டது. ஆடிப் பதினெட்டுக்கு வந்திருந்த என் மகளின் மகள்தான் முதலில் ஓடிப்போய்ப் பார்த்தாள். பலகையின் கால்மாட்டில் குந்திக்கொண்டு, தனக்கு எட்டிய கடைசி வரியிலிருந்து படித்தாள். "மீசை மட்டும், ஒரு ரூபாய்." அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முந்தின வாரம்தான் திருச்செங்கோட்டில் ஒரு பிறந்தநாள் விழாவில் கன்னத்தில் பட்டாம்பூச்சி வரைந்துகொண்டு வந்திருந்தாள். அங்கே வரைகிற பெண்ணின் மேசையில் படத்துக்குப் படம் விலை போட்ட அட்டை தொங்கியது. அதனால் அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "அப்புச்சி, இது ஃபேஸ் பெயின்டிங் ரேட்டுங்களா?" என்று கேட்டாள். "ஆமா சாமி" என்று சொல்ல வந்தேன். எங்கள் பக்கத்தில் குழந்தைகளையும் பெரியவர்களையும் சாமி என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எனக்கு அந்தச் சொல் வரவில்லை. "ஆமா கண்ணு" என்றேன்.

பலகையை எழுதியவர் என் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பெயிண்டராக இருந்தார். லாரியின் நெற்றியில் மயிலும் பக்கப் பலகையில் தாமரையும் அவர் கையால் வந்தால்தான் ஆகும் என்று காத்திருந்து வண்டி எடுத்துப்போன முதலாளிகள் உண்டு. பங்குனி, சித்திரை, ஆடி என்று நோம்பி, அதாவது கோயில் திருவிழா, வருகிற மாதங்களில் பட்டறையில் சொல்லிவிட்டு ஊர் ஊராகப் போவார். நாடகத்தில் நடிக்கிறவர்களுக்கும், வேண்டுதலுக்கு வேஷம் கட்டுகிறவர்களுக்கும், பள்ளிக்கூட ஆண்டு விழாப் பிள்ளைகளுக்கும் முகம் எழுதுவார். லாரிக்கு எழுதும் பிரஷ்கள் ஒரு டப்பாவில் கிடக்கும். முகத்துக்கு எழுதும் பிரஷ்களை அக்காவின் பழைய சேலைத் துணியில் தனியாகச் சுற்றி வைத்திருப்பார். முன்னால் வந்து உட்காருகிறவர் ஐந்து வயதானாலும் எழுபது வயதானாலும் அவருக்குச் சாமிதான். "வா சாமி, மூஞ்சியக் காட்டு சாமி, கண்ண மூடிக்க சாமி." எழுதி முடித்ததும் ஒரு கைக்கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடிப்பார். எவ்வளவு என்று கேட்டால், "பாத்துக் குடுங்க சாமி" என்பார். அவர்களும் கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள். ஒருவர் எட்டணா கொடுப்பார், இன்னொருவர் ஒரு பூசணிக்காய் கொடுப்பார். ஒரு முறை ராவண வேஷக்காரர் ஒருவர் பார்த்துப் பார்த்துப் பூரித்துவிட்டு ஒன்றுமே கொடுக்காமல் போய்விட்டார். பத்துத் தலையில் எந்தத் தலை கொடுக்க வேண்டும் என்று குழம்பியிருப்பார் என்று அக்கா சொல்லிச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வராது. நான் அப்போது ஒரு லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தா. டன்னுக்கு இவ்வளவு, மைலுக்கு இவ்வளவு, ஏற்றுக்கூலி தனி, அட்வான்ஸ் இல்லாமல் வண்டி நகராது. காலையிலிருந்து மாலைவரை வாடகை சொல்லியே பழகியவன். தன் வேலைக்கு விலை சொல்லத் தெரியாத மனிதரைப் பார்த்தாலே எரிச்சல் வரும். அந்த வயதில் அதைப் புத்திசாலித்தனம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடையில் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. சேலத்தில் ஒரு பெண் டாக்டர் பார்த்துவிட்டு, ஆவணி பிறப்பதற்குள் அறுத்து எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். மாடு போயிற்று. தாலிக்கொடி தவிர நகையெல்லாம் அடகுக்குப் போயிற்று. நான் ஆபீசில் வாங்க முடிந்த முன்பணத்தையெல்லாம் வாங்கினேன். அப்படியும் குறைந்தது. இடையில் இருந்தது நோம்பி மாதங்கள்தான். பூசணிக்காயை வைத்துக்கொண்டு ஆபரேஷன் செய்ய முடியாது என்று மாமாவிடம் சொன்னேன். விலை போடுவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்சி உட்கார வைத்தோம். மாமா எழுத, நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்தேன். புலிக்கு இருபத்தைந்து நிமிடம். ராஜாவுக்குப் பதினைந்து. அம்மன் முகத்துக்குக் கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம். மஞ்சள் பூசி, அது காய்ந்து, புருவம் எழுதி, நெற்றிக்கண் எழுதி, கடைசியாகக் கண்ணோரம் மை இழுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையில் மனிதர் முகத்தைக் கழுவிக் கழுவி, தோல் எரிகிறது என்று எழுந்து போய்விட்டார். நேரத்தையும், அரிதாரம், எண்ணெய்ச் செலவையும் சேர்த்து லாரி வாடகை போடுகிற மாதிரியே போட்டேன். புலி ஐந்து ரூபாய். ராஜா, மந்திரி நான்கு. வேண்டுதலுக்கு முகத்தில் வெறும் புள்ளி குத்த இரண்டு. மீசை மட்டும் ஒன்று. சாமி ஏழு. பள்ளிக்கூடத்துக்காரர்கள் முப்பது பிள்ளைகளை மொத்தமாகக் கொண்டுவந்தால் முழு லோடு மாதிரி கொஞ்சம் குறைக்கலாம். பணம் முதலில், முகம் பிறகு.

பட்டறையில் மிஞ்சிய தகரத்தில் மஞ்சள் எனாமல் அடித்து மாமாதான் எழுதினார். நான் சொல்லச் சொல்ல, கீழிருந்து மேலே எழுதிக்கொண்டு வந்தார். முதல் வரிக்கு வந்ததும் ‘சாமி’ என்று எழுதிவிட்டுப் பிரஷைத் தகரத்திலிருந்து எடுத்துவிட்டார்.

"சாமிக்கு வெலை எழுதக் கை வரமாட்டேங்குது மாப்ள. அத மட்டும் உட்ருலாம்."

"அப்ப அக்காவுக்கு?" என்றேன்.

அவர் பிரஷை மறுபடியும் தோய்த்தார். ஏழு என்ற எண்ணை அதன் கொம்பு வளையாமல் நேராக எழுதி முடித்தார். நான் என் வாழ்நாளில் எத்தனையோ பேரிடம் கறாராகப் பேசியிருக்கிறேன். எதையும் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றியதில்லை. அந்த இரண்டு சொல்லை எடுத்துக்கொள்ள முடிந்தால் தேவலை.

பலகை வேலை செய்தது. அதை நான் மறைக்கக் கூடாது. சண்டை வரும் என்று மாமா பயந்தார். ஒரு சண்டையும் வரவில்லை. மரத்தடியில் பலகையைச் சாத்தி வைத்தால் ஜனங்கள் நின்று படித்துவிட்டு, மடியிலிருந்து எண்ணி எடுத்துக் கொடுத்துவிட்டு வரிசையில் உட்கார்ந்தார்கள். எட்டணா கொடுத்துக்கொண்டிருந்த கை ஐந்து ரூபாய் கொடுத்தது. நான் லீவு போட்டுவிட்டுக் கூடவே போய்ப் பணம் வாங்கிப் போட்டேன். டாக்டர் சொன்ன தொகையை நெருங்கிக்கொண்டிருந்தோம்.

ஆடியில் சேலத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் மாரியம்மன் நோம்பி. அந்தப் பக்கத்தில் சாமி வேஷம் கட்டியவர்களை மாட்டு வண்டிகளில் நிற்க வைத்து ஊரைச் சுற்றி வருவார்கள். வண்டி வேடிக்கை என்று பெயர். மத்தியானம் மூன்று மணி இருக்கும். பள்ளிக்கூட வராந்தாவில் மாமா எழுதிக்கொண்டிருந்தார். வரிசையில் கூலிவேலைக்காரர் ஒருவர் மகளோடு நின்றார். எட்டு வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. இரவல் மஞ்சள் பாவாடை இடுப்பில் நிற்காமல் கயிற்றால் கட்டியிருந்தது. தலையில் அட்டையில் செய்து ஜிகினா ஒட்டிய கிரீடம். முகத்தில் ஆறிப்போன அம்மைத் தழும்புகள். பிழைத்தால் அம்மனாக வண்டியில் ஏற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டிருப்பார்கள். கேட்காமலே தெரிந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. பின்னால் நின்றவரிடம் பலகையைப் படிக்கச் சொன்னார். "சாமி ஏழு ரூவா" என்று அவர் படித்ததை நானும் கேட்டேன். தகப்பன் வேட்டி முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் முடிந்துகொண்டார்.

அவர்கள் முறை வந்தது. மாமா நிமிர்ந்து பார்த்து, எல்லோரையும் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டார்.

"வா சாமி. இப்படி உக்காரு."

அந்த மனிதர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். மகளின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஏனுங்க, இவ சாமி இல்லீங்க. சும்மா ஒரு புள்ளதானுங்க. புள்ளி குத்துனாப் போதுமுங்க."

சொல்லிக்கொண்டே அவள் தலையிலிருந்த கிரீடத்தைக் கழற்றித் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

மாமா என்னைப் பார்த்தார். மஞ்சளில் தோய்த்த பிரஷ் அவர் கையில் இருந்தது. நான் தலையை அசைத்திருந்தால் போதும். ஐந்து ரூபாய்தான் வித்தியாசம். ஆனால் வரிசையில் பின்னால் ஏழு ரூபாய் கொடுத்துவிட்டு நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்பது புக்கிங் ஆபீசில் நான் படித்த பாடம். அக்காவின் முகமும் மனதில் வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். "புள்ளின்னா ரெண்டு ரூவாங்க" என்றேன். அவர் இரண்டு ரூபாயை என் கையில் வைத்தார்.

மாமா மஞ்சள் பிரஷைத் துடைத்துக் கீழே வைத்தார். வெள்ளையும் சிவப்பும் எடுத்து, தழும்புகளுக்கு நடுவே புள்ளி வைத்தார். வழக்கம்போல் கண்ணாடியைப் பிடித்தார். அந்தப் பெண் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி, "அப்பா, சாமி வரவே இல்ல" என்றாள். அவள் அழவில்லை. இருந்த விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, கிரீடத்தை இன்னொரு கையில் ஒளித்தபடி கூட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் வண்டிகள் கிளம்பியபோது, அம்மன் வண்டிக்குப் பின்னால் புழுதியில் அவர்கள் நடந்து போவதைப் பார்த்தேன். மாமாவும் பார்த்தார்.

ஆவணிக்கு முன்பே அக்காவுக்கு ஆபரேஷன் நடந்தது. பிழைத்தாள். பதினோரு வருடம் நல்லபடியாக இருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எந்தம்பி போர்டு எழுதி வச்சுத்தான் எஞ்சீவனத் திருப்பிக் கொண்டாந்தான்" என்று சொல்வாள். மாமா அப்போது எழுந்து வெளியே போய்விடுவார். என்மேல் அவருக்குக் கோபம் இருந்ததாக எனக்கு ஒருபோதும் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த ஆடிக்கு அவர் தனியாக அந்த ஊருக்குப் போய்வந்தார். என்னைக் கேட்காமலே, காசும் வாங்காமலே அந்தப் பெண்ணுக்கு அம்மன் முகம் எழுதிவிட்டு வரலாம் என்று போயிருக்கிறார். கூலிவேலைக்காரர்கள் குடியிருந்த வளவில் அவர்களைக் காணோம், இரண்டு வீடு காலியாக இருந்தது. அந்தக் குடும்பத்துக்காரர்கள் மேட்டூர்ப் பக்கம் பிழைக்கப் போய்விட்டார்கள் என்றார்களாம். மேட்டூருக்கும் போயிருக்கிறார். அணைக்கட்டுப் பக்கம், மீன்காரர்கள் பக்கம் என்று இரண்டு நாள் திரிந்துவிட்டு வந்து என் ஆபீஸ் வாசலில் நின்றார். சட்டையெல்லாம் புழுதி.

"என்னன்னு சொல்லித் தேடறது மாப்ள? பேரு தெரியல. எல்லாத்தையும் சாமின்னே கூப்புட்டுப் பழகிட்டேன். ஒருத்தரு பேரும் கேட்டதில்ல."

நான் டீ வாங்கிக் கொடுத்தேன். எனக்குச் செய்யத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவர் அந்தச் சொல்லை விட்டுவிட்டார் என்பது எனக்கு மிகவும் தாமதமாகத்தான் தெரிந்தது. எனக்கு மகள் பிறந்து, குழந்தையை அவர் கையில் கொடுத்தேன். குனிந்து, "சா..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, "கண்ணு" என்றார். அதன் பிறகு கவனித்துப் பார்த்தேன். முகம் எழுத வருகிறவர்களிடம் முதலில் பெயர் கேட்டார். பெரியவர்களை ஐயா என்றார். வேண்டுதல் என்று வந்தவர்களிடம் பெயர் கேட்பதோடு சரி, வேறு பேசமாட்டார். எங்கள் ஊரில் ஒரு மனிதர் சாமி என்ற சொல் இல்லாமல் ஒரு நாளைக் கழிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். அவர் பத்து வருடத்துக்கு மேல் கழித்தார். அக்கா எண்பதுகளின் பிற்பாதியில் ஏதோ ஒரு காய்ச்சலில் போனாள். அவளை எடுத்துப்போகும்போதுகூட அவர் "அம்மணி" என்றுதான் அழுதார். ஒன்றரை வருடத்தில் அவரும் போய்விட்டார்.

வீட்டைக் காலி செய்தபோது பலகை பரண்மேல் கிடந்தது. அக்காவுக்குச் சரியானதும் நான் ஆபீசோடு நின்றுவிட்டேன். அதன் பிறகு அவர் அதை எடுத்துப் போனாரா, போட்டு வைத்தாரா என்று கேட்டதில்லை. ஒட்டடையைத் தட்டிவிட்டு முதல் வரியைப் பார்த்தேன். யாரிடமும் காட்டாமல் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து மோட்டார் பெட்டிமேல் கவிழ்த்தேன். தகரம் நல்ல தகரம், வீணாகக் கூடாது என்று வீட்டில் சொன்னேன்.

இப்போது பேத்தி ஒவ்வொரு வரியாக மேலே ஏறிக்கொண்டிருந்தாள். புள்ளி இரண்டு. ராஜா, மந்திரி நான்கு. புலி ஐந்து. அவள் பார்த்த அட்டையில் புலி நூற்றைம்பதாம். "ரொம்ப சீப்புங்க அப்புச்சி" என்றாள். முதல் வரிக்கு வந்து நின்றாள். ‘சாமி’ என்று மாமாவின் முத்து முத்தான எழுத்து. அதற்கு நேரே எண் இல்லை. பலகையின் மஞ்சளையே குழைத்து, ஏழு இருந்த இடத்தில் மட்டும் அடித்திருந்தது. பக்கத்து மஞ்சளெல்லாம் வெளுத்தும் அந்தச் சதுரம் மட்டும் வெளுக்கவில்லை. அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

"இங்க மட்டும் ரேட்டு அழிஞ்சு போச்சுங்களா?"

"அழியல. எழுதுனவரே அழிச்சிட்டாரு."

"ஏனுங்க அப்புச்சி, யாருக்காக?"

காற்று இன்னும் நிற்கவில்லை. பலகை பறந்துவிடாமல் ஓரத்தைக் காலால் மிதித்துக்கொண்டேன்.

"பேரு தெரியல சாமி" என்றேன்.